நின்றால் கூட்டம்

அந்தக் கல்லூரியில் அவளை எல்லோரும் வானொலி என்றுதான் கூப்பிட்டார்கள். காலையில் பல் தேய்க்கும்போதே பேசத் தொடங்கிவிடுவாள். வாய் நிறைய நுரை இருப்பதெல்லாம் அவளுக்கு ஒரு தடையே இல்லை. அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்தவளுக்குப் பூனை என்று பெயர். அவள் கதவைத் திறப்பதும் தெரியாது, மூடுவதும் தெரியாது. திரும்பிப் பார்த்தால் கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். இந்த இரண்டு பேருக்கும் எப்படி ஒத்துப்போயிற்று என்று கேட்காதீர்கள், கண்ணுகளா. ஒருத்தி பேசினால் கேட்பதற்கு ஒருத்தி வேண்டாமா?

அப்பேர்ப்பட்ட வானொலி அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. நிர்வாகக் கட்டடத்துக்கு எதிரே, கொடிக்கம்பத்துப் பக்கத்தில், ஓர் அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தனியாக நின்றாள். நின்றாளே தவிர, கால் நிலைகொள்ளவில்லை. வலது காலிலிருந்து இடது காலுக்கும், இடது காலிலிருந்து வலது காலுக்கும் மாறிக்கொண்டே இருந்தாள். கண் மட்டும் மாடி ஜன்னலை விட்டு நகரவில்லை. அந்த ஜன்னலுக்குப் பின்னால்தான் பூனையை உட்கார வைத்து விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

அட்டையில் பெரிய எழுத்தில் இருந்தது இவ்வளவுதான்: எழுதியது நான்.

என்ன எழுதினாள் என்று சொல்லிவிடுகிறேன். வேதியியல் ஆய்வகத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடாமல் பல நாளாயிற்று. புகை போக இடமில்லாமல் உள்ளேயே சுற்றும். கண் எரியும், தொண்டை கரகரக்கும். ஒரு நாள் ஒரு பெண் மேசையைப் பிடித்தபடியே சரிந்து விழுந்தாள். ஆசிரியரிடம் சொன்னார்கள், அவர் மேலே எழுதியிருக்கிறேன் என்றார். மேலே கேட்டார்கள், கீழேயிருந்து எதுவும் வரவில்லையே என்றார்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம் என்று ஒரு தாளை எடுத்துக்கொண்டு போனால், அலுவலக முத்திரை இல்லாமல் எதையும் ஒட்டக் கூடாது என்றார்கள். முத்திரை கேட்டால், உள்ளே இருக்கும் செய்தி சரிதானா என்று பார்த்துவிட்டுத்தான் தருவோம் என்றார்கள். பார்ப்பார்கள், பார்ப்பார்கள் என்று இவளும் பார்த்தாள். பிறகு ஒரு காலையில், வகுப்புகள் தொடங்கும் முன், ஆய்வகக் கதவிலேயே ஒரு சுவரொட்டியை ஒட்டிவிட்டாள்.

"இந்த ஆய்வகத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடவில்லை. ஏற்கெனவே ஒருத்தி மயங்கி விழுந்தாயிற்று. உள்ளே போகிறவர்கள் தேவையான மூச்சை வெளியிலேயே இழுத்துக்கொண்டு போகவும்."

வாசகம் வானொலியுடையது, கையெழுத்தும் அவளுடையதுதான். பூனை பசை வாளியைத் தூக்கிக்கொண்டு கூடப் போனாள், அவ்வளவுதான். ஒட்டி முடித்ததும் வானொலியின் முழங்கை வரைக்கும் பசை. கட்டடத்துக்குப் பின்னால் இருந்த குழாயில் கழுவிவிட்டு வருகிறேன் என்று போனாள். திரும்பி வந்தபோது கதவில் பாதி கிழிந்த சுவரொட்டி இருந்தது. பூனையும் இல்லை, வாளியும் இல்லை. வாளியோடு நின்றவளைத்தான் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

"சரியான நேரம் பாத்து கைய கழுவியிருக்க" என்று பிறகு வகுப்பில் ஒருத்தி சொன்னாள். விளையாட்டாகச் சொன்னதுதான். வானொலிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

பூனை மேல் இரண்டு குற்றம் சாட்டினார்கள். அனுமதியில்லாமல் ஒட்டியது ஒன்று. பொய்ச் செய்தி பரப்பியது மற்றொன்று. விசாரணையில் அது முடிவானால் அன்று மாலையே விடுதியைக் காலி செய்ய வேண்டும். எங்கே போவாள்? அவளுக்கு இருப்பது ஓர் அண்ணன் மட்டும்தான். அவனும் சரக்குக் கப்பலில் வேலை. அப்போது எந்தக் கடலில் இருந்தானோ.

வானொலி ஓடாத இடமில்லை. விசாரணைக் குழுவின் குமாஸ்தா அம்மாளிடம் போய் நின்றாள்.

"நான்தாம்மா எழுதினேன். என்னை உள்ள விடுங்க."

"யார் மேல புகாரோ அவங்களும், அவங்களோட பெத்தவங்களும்தான் உள்ள வரலாம்."

"அப்போ என் மேல புகார் எழுதிக்குங்க."

"யாராவது குடுத்தா எழுதிக்குவோம்."

"நானே குடுக்கறேன். என் மேல நானே."

"அதெப்படி? புகார்னா அடுத்தவங்க குடுக்கணும்மா. ஓரமா நில்லு, பின்னாடி ஆள் நிக்குது."

அப்போதுதான் வக்கீல் வந்து சேர்ந்தான். உண்மையான வக்கீல் இல்லை. கடைசி வருடம் வரலாறு படிக்கிறவன். முதல் நாளில் எல்லோருக்கும் கொடுத்துப் பிறகு எல்லோரும் தொலைத்துவிடுகிற விதிப்புத்தகத்தைத் தொலைக்காமல் வைத்திருந்த ஒரே ஆள் அவன்தான். அதனால் அந்தப் பட்டம்.

"இங்க பாரு. கூட்டம் போடணும்னா ரெண்டு நாள் முன்னாடி அனுமதி வாங்கணும். அதுக்கு நேரமில்ல. ஆனா கூட்டம்னா என்ன? இருவரோ அதற்கு மேற்பட்டோரோ ஓரிடத்தில் நிற்பது. நீ ஒருத்தி. ஒருத்தி நின்னா அது கூட்டம் இல்ல, சும்மா நிக்கறது. வழிய மறைக்கக் கூடாது. முகத்த மூடக் கூடாது. அட்டையில குச்சி இருக்கக் கூடாது. கத்தக் கூடாது." நிறுத்தி அவளைப் பார்த்தான். "வாயத் தொறக்காம நிக்கணும். உன்னால முடியுமா?"

"முடியும்."

"அடேயப்பா, ஒரே வார்த்தையில பதில் சொல்லிட்டியே. அப்போ நிஜமாவே முடியும்."

ஆகவே நின்றாள். முதல் வகுப்பு விட்டதும் செய்தி பரவிவிட்டது. அவள் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் திமுதிமுவென்று ஓடி வந்தார்கள். வந்தவர்கள் அவள் பக்கத்தில் போய் நின்றிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நல்ல வேளை, வக்கீல் குறுக்கே பாய்ந்தான்.

"நிக்காதீங்க! யாரும் பக்கத்துல நிக்காதீங்க! ரெண்டு பேர் நின்னா கூட்டம்!"

"அப்போ என்னதான்டா பண்றது? தனியா விட்டுட்டுப் போகவா?"

"நட! நின்னாத்தான் கூட்டம். நடந்தா போக்குவரத்து!"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி சிரித்தாள். அப்புறம் நடக்கத் தொடங்கினாள். அவள் பின்னால் இன்னொருவன். கொடிக்கம்பத்தைச் சுற்றிப் போய், நூலகப் படி வரைக்கும் நடந்து, திரும்பி வந்து, மறுபடியும் கொடிக்கம்பம். வகுப்புக்குப் போகிறவர்கள் போனார்கள்; வகுப்பு முடிந்தவர்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். யாரும் கோஷம் போடவில்லை. செருப்புச் சத்தம் மட்டும்தான். சர் சர் என்று, நிற்காத மழை மாதிரி. கையில் புத்தகத்தோடு ஒருவன், தேநீர் டம்ளரோடு ஒருத்தி, போனில் பேசிக்கொண்டே இன்னொருவன். நடுவில் வானொலி, இடத்தை விட்டு நகராமல், வாய் திறக்காமல்.

மாடியில் பதிவாளர் ஜன்னலுக்கு வந்தார். போனார். மறுபடியும் வந்தார். அந்த விதிகளை உட்கார்ந்து எழுதியவரே அவர்தான். எழுதும்போது நிற்பதைப் பற்றி யோசித்திருந்தார். நடப்பதைப் பற்றி யோசிக்கவில்லை. யாருக்குத்தான் தோன்றியிருக்கும், பாவம்.

கீழே இறங்கி வந்து, வாசல் காவலரைத் தனியாகக் கூப்பிட்டார். பிள்ளைகள் அந்தக் காவலரைக் கேட் அண்ணன் என்பார்கள்.

"அந்தப் பொண்ணு பக்கத்துல போய் நில்லுங்க."

"நின்னு என்ன சார் பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா நில்லுங்க. ரெண்டு பேர் ஆயிடும் இல்ல?"

கேட் அண்ணன் தொப்பியை எடுத்துத் தலையைச் சொறிந்தார். "சார், அப்போ கூட்டம் போட்டதுல நானும் ஒரு ஆள் ஆயிடுவேனே. எனக்கு ஒரு அனுமதி வாங்கிக் குடுத்துடறீங்களா? ரெண்டு நாள் முன்னாடி கேக்கணுமாமே."

பதிவாளர் முறைத்தார். முறைத்துவிட்டுத் தானே போனார். வானொலி எதிரில் நின்று, "ஏம்மா, படிக்க வந்த இடத்துல" என்று தொடங்கியதுதான் தாமதம், நடந்துகொண்டிருந்தவர்களுக்குள்ளேயிருந்து வக்கீல் குரல் கொடுத்தான்.

"சார், நின்னுட்டீங்க! கூட்டம்!"

"சார், நடங்க சார்!" என்று நாலைந்து பேர் அக்கறையோடு சொன்னார்கள்.

அவர்கள் சொன்னதைக் கேட்டு அவர் நடக்கவில்லை. ஆனால் அவர் கால் நடந்துவிட்டது. நாலடி வைத்த பிறகுதான் தான் பிள்ளைகளோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருப்பது அவருக்கே தெரிந்தது. விறுவிறுவென்று விலகிப் படியேறிப் போய்விட்டார். போனவர் நேராக வானொலி வீட்டுக்குப் போன் போட்டார். "உங்க பொண்ண வந்து கூட்டிட்டுப் போங்க. இல்லைன்னா அவங்க படிப்புக்கு நாங்க பொறுப்பில்ல."

வானொலியின் அம்மா மருத்துவமனையில் செவிலி. காலை வேலை முடிந்து உடை கூட மாற்றாமல் வெள்ளைச் சீருடையிலேயே வந்து இறங்கினாள். பதிவாளர் முன்கூட்டியே வாசலில் சொல்லி வைத்திருந்தார்: அம்மா வந்தால் தடுக்காதீர்கள், உடனே உள்ளே விடுங்கள். கேட் அண்ணனும் 'பெற்றோர்' என்று எழுதிய அட்டை ஒன்றை அவள் கழுத்தில் மாட்டி விட்டார். தூரத்திலிருந்தே மகளைப் பார்த்துவிட்டாள் அவள். பார்த்ததும் வேகம் கூடிற்று.

"ஏண்டி! ஒரே ஒரு வருஷம் மிச்சம் இருக்கு, அதுக்குள்ள உனக்கு என்னடி வந்துச்சு?" என்று எதிரில் வந்து நின்றாள்.

"அம்மா, நிக்காத" என்றாள் வானொலி. அங்கே வந்து நின்றதிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"என்னது?"

"நிக்காதம்மா. நட."

"பெத்தவள வாசல்ல வச்சு நடன்னு தொரத்தற அளவுக்குப் பெரிய மனுஷி ஆயிட்டியா?"

கேட் அண்ணன் ஓடி வந்தார். "அம்மா, அம்மா, கோவிச்சுக்காதீங்க. திட்டறதுன்னா தாராளமா திட்டுங்க. நடந்துக்கிட்டே திட்டுங்க. நின்னீங்கன்னா பாப்பா மேல நடவடிக்கை எடுத்துடுவாங்க."

இப்படி ஒரு காட்சியை நான் வேறெங்கும் கண்டதில்லை, கேட்டதுமில்லை. அந்த அம்மா மகளைச் சுற்றிச் சுற்றி நடந்தபடியே திட்டினாள். முன்னால் வரும்போது முகத்தைப் பார்த்துத் திட்டினாள். பின்னால் போகும்போது முதுகைப் பார்த்துத் திட்டினாள். வானொலி தலையை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அம்மா இரவெல்லாம் கண் விழித்து வேலை பார்த்ததைச் சொன்னாள், வீங்கின காலைச் சொன்னாள், இந்தப் படிப்பு முடிந்தால் தன் காலுக்கு ஓய்வு என்று நம்பியிருந்ததைச் சொன்னாள். சொல்லும்போதும் கால் நிற்கவில்லை. கூட நடந்த பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டே நடந்தார்கள்.

"யாரோ என்னத்தையோ ஒட்டினா உனக்கென்னடி? நீ எதுக்கு இங்க வந்து காயற?"

"யாரோ இல்லம்மா. நான்தான் எழுதினேன்."

அம்மா பின்பக்கம் போய்விட்டாள். குரல் மட்டும் வந்தது. "நீயா?"

"நான்தான். ஒட்டினதும் நான்தான்."

"அப்போ உள்ள உக்கார வச்சிருக்கறது யார?"

"பூனைய. பசை வாளி தூக்கிட்டு வந்தாம்மா, அவ்ளோதான். நான் கை கழுவப் போனேன், அதுக்குள்ள அவளப் புடிச்சுட்டாங்க. என்னைச் சொல்ல விட மாட்டேங்கறாங்க."

அம்மா முன்பக்கம் வந்தாள். இப்போது திட்டவில்லை. பூனையை அவளுக்குத் தெரியும். விடுமுறையில் எல்லோரும் ஊருக்குப் போனால் அவள் இவர்கள் வீட்டுக்குத்தான் வருவாள். சாப்பிட்ட தட்டைச் சத்தமில்லாமல் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவாள். கேட்டால்தான் இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்வாள்.

"அந்தப் புள்ளைக்குத் துணையா யாரு வந்திருக்கா?"

"யாரும் வரல. அண்ணன் கப்பல்ல."

"தனியாவா உக்காந்திருக்கா?"

வானொலி மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள். 

அம்மா நின்றுவிட்டாள். "அம்மா, நடங்க, நடங்க!" என்று கேட் அண்ணன் பதறினார். அவள் நடந்தாள். ஆனால் சுற்றி இல்லை. நேராக. நடந்துகொண்டிருந்த பிள்ளைகள் விலகி வழிவிட்டார்கள். படியேறினாள். மேலே நின்ற ஊழியர் அவள் கழுத்து அட்டையைப் பார்த்தார். பெற்றோர் என்று இருந்தது. யாருடைய பெற்றோர் என்று இல்லை. பெற்றோர் வந்தால் விடு என்றுதான் அவருக்கும் உத்தரவு. கதவைத் திறந்துவிட்டார்.

நீளமான மேசை. ஒரு பக்கம் முதல்வர், பதிவாளர், இன்னும் ஒரு பேராசிரியர். மறுபக்கம் பூனை, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு. அவள் பக்கத்தில் ஒரு காலி நாற்காலி. அம்மா அதில் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் முதலில் கால் செருப்பைக் கழற்றினாள்.

முதல்வர் வயதான பெண்மணி. "நீங்க இவங்க அம்மாவா?"

"என் வயித்துல பொறந்தது கீழ நிக்குது. உங்க சுவரொட்டிய எழுதினது அதுதான். இந்தப் புள்ள வாளிதான் தூக்கிச்சு."

"ஆனா இவங்களே ஒத்துக்கிட்டாங்களே, தான்தான் எழுதினதா" என்றார் பேராசிரியர்.

அம்மா திரும்பிப் பூனையைப் பார்த்தாள். பூனை மேசையைப் பார்த்தாள்.

"ஏண்டி கண்ணு, அப்படியா சொன்ன?"

"அவளுக்கு நீங்க இருக்கீங்கம்மா" என்றாள் பூனை மெதுவாக. "அவ படிப்பு நின்னா உங்களுக்குக் கஷ்டம். என்னோடது நின்னா யாருக்கு என்ன?"

 அம்மா, பூனையின் தொடைக்கு அடியிலிருந்து அவள் கையை வெளியே இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்தாள்.

"ரெண்டு பேரையும் வச்சு விசாரிங்க. என்ன தண்டனையோ குடுங்க. நான் மறுக்கல. ஆனா பொய்ச் செய்தின்னு சொல்றீங்களே, அந்த ஃபேன் ஓடுதா, இல்லையா?"

முதல்வர் பதிவாளரைப் பார்த்தார். பதிவாளர் பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் பார்ப்பதற்கு ஆள் இல்லாமல் ஜன்னலைப் பார்த்தார்.

"யாராவது போய்ப் பாத்தீங்களா?" என்று கேட்டார் முதல்வர்.

"அது பராமரிப்புப் பிரிவு பாக்கணும்" என்றார் பதிவாளர்.

முதல்வர் எழுந்தார். "வாங்க, நாமே போய்ப் பாத்துடலாம்."

ஆய்வகம் கொடிக்கம்பத்துக்கு அந்தப் பக்கம். அங்கே போக வேண்டுமென்றால் நடந்துகொண்டிருக்கிற பிள்ளைகளுக்கு ஊடே போயாக வேண்டும். வேறு வழியில்லை. குழு முழுவதும் அந்த வட்டத்தில் நுழைந்து, பாதிச் சுற்று கூடவே நடந்து, அந்தப் பக்கமாக வெளியேறியது. முதல்வர் நடந்தார், பதிவாளர் நடந்தார், பின்னால் பூனையும் அம்மாவும். எவனோ கைதட்டப் பார்த்தான். வக்கீல் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

வானொலியின் பக்கமாகப் பூனை கடந்து போனாள். இருவரும் பார்த்துக்கொண்டார்கள். இன்னொருத்தி நின்றாலும் கூட்டம். பூனை நிற்கவில்லை. போகிற போக்கில் வானொலியின் முழங்கையை விரல் நுனியால் தொட்டுவிட்டுப் போனாள்.

ஆய்வக உதவியாளர் சுவிட்சைப் போட்டார். ஃபேன் உர்ரென்றது. சுற்றவில்லை. அணைத்துவிட்டு மறுபடி போட்டார். உர்ரென்று கூடச் சொல்லவில்லை.

"இன்னிக்குத்தான் போயிருக்கும்" என்றார் பதிவாளர்.

முதல்வர் விரலால் ஃபேன் இறக்கையைத் தடவினார். தூசி தடிமனாக வந்தது. அதைப் பதிவாளரிடம் காட்டினார். 

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது. அனுமதி இல்லாமல் ஒட்டியது ஒட்டியதுதான் என்றார் முதல்வர். அடுத்த வாரம் மறுபடியும் விசாரணை. இந்த முறை இருவரும் வர வேண்டும். முடிவாகும் வரைக்கும் பூனை விடுதியிலேயே இருக்கலாம். பொய்ச் செய்தி என்பதை மட்டும் அடித்துவிட்டார். குமாஸ்தா அம்மாள் கீழே இறங்கி வந்து, வானொலியிடம் போய், நிற்காமல், கடந்துகொண்டே சொன்னாள்: "உன் மேலயும் புகார் எழுதியாச்சும்மா. சந்தோஷமா?"

"ரொம்ப" என்றாள் வானொலி.

கல்லூரி விட்ட நேரம். நடந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். பலருக்கு முழங்கால் வலி. அம்மா வெளியே வந்தாள், பூனையும் வந்தாள். மூன்று பேரும் சேர்ந்து நிற்க உள்ளே இடமில்லை என்பதால் நடந்துகொண்டே இருந்தார்கள். வாசலைத் தாண்டி, எதிரே இருந்த பேருந்து நிறுத்தத்துக்குப் போன பிறகுதான் நின்றார்கள். அங்கே நின்றதும் வானொலி பூனையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அவள் அழுவதுகூட ஊருக்கே கேட்கும்.

"விடுடி, மூச்சு முட்டுது" என்றாள் பூனை. "இங்க ஃபேன் கூட இல்ல."

வக்கீல் வந்து பக்கத்தில் நின்றான். அவன் பின்னால் நாலைந்து பேர். அப்புறம் இன்னும் பத்துப் பேர். நிழற்கூரைக்குக் கீழே இடம் போதாமல் சாலையோரம் வரைக்கும் நின்றார்கள். வேலை முடிந்து கேட் அண்ணனும் வந்து ஓரமாக நின்றார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"என்ன பாக்கறீங்க? நான் பஸ்ஸுக்கு நிக்கறேன்."

வானொலி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காலையிலிருந்து தேக்கி வைத்ததெல்லாம் வரத் தொடங்கியது. பதிவாளர் எப்படி நடந்தார், அம்மா பின்பக்கமாக வந்து திட்டியது எப்படிக் கூசியது, அடுத்த வாரம் குழு முன்னால் என்னென்ன சொல்லப் போகிறாள், எல்லாவற்றையும் ஒரே மூச்சில். பூனை கேட்டுக்கொண்டிருந்தாள். பேருந்து வந்து நின்றது.

அம்மா பெஞ்சில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். பேருந்தை நிமிர்ந்து பார்த்தாள், மகளைப் பார்த்தாள்.

"போகட்டும், அடுத்ததுல போலாம்" என்றாள்.